பச்சைமலைப் பாதையில் கிடந்த தழை

மாப்பிள்ளை கார் வாங்கியிருக்கிறார் என்று மகள் போனில் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புதுக் கார் இல்லை. யாரோ ஓட்டிவிட்டு விற்றது. நல்ல வண்டி என்றால் அவன் ஏன் விற்றான் என்று கேட்டேன்.

"நீ எதைத்தாம்மா நம்புவே?" என்று தேன்மொழி சிரித்தாள்.

தேன்மொழி என் ஒரே மகள். பச்சைமலைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாரம் முழுக்க மலையில், சனி ஞாயிறு புருஷனோடு பெரம்பலூரில் என்று இருந்தவள், உண்டான பிறகு வாராவாரம் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் மலையிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். கல்யாணமாகி வெகு வருஷம் கழித்து, இனிமேல் எங்கே என்று ஊர் பேசி ஓய்ந்த பிறகு வந்த பிள்ளை. தை பிறந்ததும் மலையிலிருந்து இறக்கி, பெரம்பலூரில் வளைகாப்பு போட்டு, எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்கு அழைத்து வர வேண்டும். எப்படி இறக்குவது என்பதுதான் பேச்சாக இருந்தது. நானே காரில் இறக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பினார்.

அதனால்தான் நான் கிளம்பினேன். மலை பார்க்க இல்லை. அந்தக் காரில், அந்த மனுஷர் கையில், என் மகளை ஏற்றலாமா கூடாதா என்று பார்க்க. ஏறும்போது நான் உட்கார்ந்து பார்ப்பேன். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் இறங்கும்போது அவளை ஏற்ற விடமாட்டேன். வேறு வண்டி பார்ப்பேன்.

எனக்கும் மலைக்கும் பழக்கம் கிடையாது. எங்கள் பக்கம் மேடு என்றால் ஏரிக்கரைதான். மற்றபடி செம்மண்ணும் முந்திரித் தோப்பும், தட்டில் ஊற்றிய கூழ் மாதிரி ஒரே மட்டமாகக் கிடக்கும். மாப்பிள்ளையும் சமவெளி ஆள்தான். பெரம்பலூரில் மோட்டார் பம்பு சரிசெய்யும் கடை வைத்திருக்கிறார். மலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாரே தவிர, தானாக வண்டி ஓட்டிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவை.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. மரமெல்லாம் மாவு பூசின மாதிரி வெள்ளையாக நின்றது. அதைத் தாண்டினால் ரோடு முழுக்க மக்காச்சோளம். பாதி ரோட்டை அடைத்துக் காயப் போட்டு, சுற்றிலும் கல் வைத்து, கல்லின்மேல் பச்சைத் தழை போட்டிருந்தார்கள். டிரைவர் தழையைக் கண்டதும் மறு ஓரமாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.

"அப்பன் வூட்டு ரோடு, பாயி விரிக்காத கொறதான்" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் முணுமுணுத்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எள்ளுக்கும் கொள்ளுக்கும் வருஷா வருஷம் நானும் அப்படித்தான் போடுகிறேன். தழை கிடந்தால் ஏதோ காய்கிறது, சுற்றிப் போ. எங்கள் பக்கம் கன்றுக்குட்டிக்குக்கூட அது தெரியும்.

பெரம்பலூரில் மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் வந்தால் நான் கதவோரம் நிற்பேன். "சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்வேன். "போதும்னு சொல்லு" என்று அவர் மகளிடம் சொல்வார். இத்தனை வருஷமும் பேச்செல்லாம் தேன்மொழி வழியாகத்தான். இப்போது தேன்மொழி மலைமேல் இருந்தாள். பையை நான் கீழே வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாடு அவரே சமைத்தார். மிளகு ரசமும் கத்தரிக்காய் வதக்கலும். ரசம் நன்றாக இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு நன்றாக ரசம் வைக்கிற ஆம்பளை வண்டியை எப்படி ஓட்டுவார்?

விடிந்ததும் வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்தேன். டயரை நகத்தால் கீறிப் பார்த்தேன். கதவைத் திறந்து மூடினேன். சத்தம் தகர டப்பா மாதிரி இருந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து, "டயரு புதுசு, பிரேக்கும் போன வாரம்தான் பாத்தது" என்றார். நானும் அதே சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பிள்ளையார் ஒட்டியிருந்தார். நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டு கும்பிட்டேன்.

அரும்பாவூர் தாண்டி, மலை கண்ணுக்கு முன்னால் சுவர் மாதிரி எழும்பியது. அடிவாரத்தில் ஒரு டீக்கடை. டீ போட்ட பெண் காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதமொறயா?"

"இல்ல, ரெண்டாவது" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப மொதமொறதான். வளைவுல ஹாரன் அடிச்சிக்கிட்டே போங்க. ஏறுற வண்டிக்கு எறங்குறவன்தான் வழி விடணும், அதனால நீங்க பதறாதீங்க. போன வாரம் ஒருத்தர் பிரேக்க அமுக்கிக்கிட்டே எறங்கி வந்தாரு பாருங்க, சக்கரத்துல பொகை. மூணு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுத்தான் பேசுனாரு."

இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். ஒருவேளை மேலே இவள் அண்ணன் மெக்கானிக் கடை வைத்திருப்பான். இப்படிப் பயமுறுத்தி அனுப்பினால் வண்டி அங்கே போய் நிற்கும். டீ மட்டும் நல்ல டீ. வடையை நான் தொடவில்லை. அது நேற்றைய வடை.

மலை ஏறத் தொடங்கியதும் கார் கதற ஆரம்பித்தது. கியரை மாற்றாமல் ஒரே கியரில் இழுத்துக்கொண்டு போகிறார். எங்கள் ஊர் டிரைவர்கள் நான்கு முறை மாற்றியிருப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் யாரிடம் சொல்வது? எதிரே பிள்ளையார் இருந்தார்.

"பிள்ளையாரப்பா, வண்டி இப்புடிக் கத்துதே, கியர மாத்துனா என்ன?"

கார் ஒரு வளைவைத் திரும்பியது. பிறகு மாப்பிள்ளையும் பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளையாரே, மலையில இப்புடித்தான் கத்தும். கத்துனாத்தான் ஏறும்."

நல்லதாகப் போயிற்று என்று நான் அந்த வழியையே பிடித்துக்கொண்டேன். காது அடைத்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்களின் வேர் போய், அடிமரம் போய், கொண்டைதான் தெரிந்தது. பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"பிள்ளையாரப்பா, பின்னால பஸ்ஸு. ஓரம் கட்டுனா ஆகாதா?"

"பிள்ளையாரே, இங்க ஓரம்னா பள்ளம். எடம் வரட்டும்."

அகலமான இடம் ஒன்று வந்தது. ஒதுங்கி நின்றார். பஸ் தாண்டும்போது அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஊர்கோலம் போறீங்களா சார்? பொண்ணு மாப்ள எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு ரோஷம் வரும், துரத்துவார் என்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. அதே கதறலோடு அதே வேகம். ரோஷமே இல்லாத மனுஷர் என்று அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

பாதி மலையில் ரோட்டின் நடுவே தழை கிடந்தது. மாப்பிள்ளை நிறுத்தினார், இறங்கி வளைவு வரைக்கும் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். ஒன்றும் இல்லை. தழை காய்ந்து சருகாகியிருந்தது. எப்போதோ எதற்கோ போட்டதை எவனும் எடுக்கவில்லை.

இன்னும் நாலைந்து வளைவு போனதும் மறுபடியும் தழை. இந்த முறை பச்சை. கல்லும் இருந்தது. மறுபடியும் பிரேக்கில் கால் போனது எனக்குத் தெரிந்தது. இந்த வேகத்தில் போனால் மகளைப் பிரசவத்துக்கு அல்ல, பிள்ளைக்குக் காது குத்தத்தான் அழைத்து வருவோம்.

"பிள்ளையாரப்பா, யாரோ சாமை காயப் போட்டிருக்காங்க. ஓரமாச் சுத்திக்கிட்டுப் போவேண்டியதுதான். நின்னுக்கிட்டே இருந்தா, வண்டிய நிறுத்திப் புடுங்குற கூட்டம் எதுனா வந்துரும்."

"பிள்ளையாரே, பாத்துட்டு வந்துடறேன்."

இறங்கிப் போய்விட்டார். மாமியார் சொல்லைத் தட்டிவிட்டு! நான் நான்கு கதவையும் பூட்டிக்கொண்டேன். காதில் போட்டிருந்த தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

திரும்பி வந்தவர் கண்ணாடியைத் தட்டினார். திறந்தேன். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னார்.

"சாமை இல்ல பிள்ளையாரே. லாரி."

வளைவுக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி நின்றிருந்தது. அச்சு முறிந்துவிட்டதாம். என்னை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, வெறும் காரை மலைச்சுவர் ஓரமாக மாப்பிள்ளை நகர்த்திக்கொண்டு வந்தார். நான் லாரியைச் சுற்றி நடந்தேன். நான் எந்த ஓரமாகச் சுற்றிப் போகச் சொன்னேனோ, அந்த ஓரத்தில் லாரிக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தன.

என் காலடி கேட்டு ஒருவன் வெளியே வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"கீழ நாட்டுக்காரங்க தழையக் கண்டா ஏதோ காயப் போட்டிருக்குன்னு சுத்திக்கிட்டு வந்துடறாங்க ஆத்தா. எங்களுக்கு உசுரு போயி வருது. நீங்க நின்னு பாத்து வந்தீங்களே, நல்லாருக்கணும்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மாப்பிள்ளை காரில் இருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். நான் ஏறியதும் வண்டியை எடுத்தார். மிச்ச வழி முழுக்கப் பிள்ளையாருக்கும் ஓய்வு.

தேன்மொழி வாசலிலேயே நின்றாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்திருந்தாள். சாமை புதுசு. குழம்பில் புளி கம்மி. பக்கத்து வீட்டு மலைக்காரப் பெண் ஒரு படி சுட்ட முந்திரிக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தாள். போன பருவத்துக் கொட்டை. ஒன்றை உடைத்துக் கடித்துப் பார்த்தேன். பருப்பு சின்னதுதான், ஆனால் பால் இருந்தது. எங்கள் ஆண்டிமடத்துக் கொட்டை பார்வைக்குப் பெரிசு, ருசியில் இதற்குக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். இதை நான் அங்கே சொல்லவில்லை. "எங்க ஊருல இதைவிடப் பெருசு" என்று மட்டும் சொன்னேன். "பெருசா இருந்தா பெருசா ஒடைக்கணுமே ஆத்தா" என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

"எப்புடி ஓட்டினாரு?" என்று மகள் கேட்டாள்.

"பாக்கலாம்."

"என்னம்மா பாக்கலாம்?"

"வேற வண்டி ஏதாச்சும் இருக்கான்னு கேளு."

அவள் முகம் சுருங்கிப் போனது. இருந்தாலும் கேட்டு அனுப்பினாள். சாயங்காலம் ஒரு ஜீப்புக்காரன் வந்தான். மலையிலேயே பிறந்தவன், இருட்டிலும் ஓட்டுவேன் என்றான். எனக்கு மனசு கொஞ்சம் தெளிந்தது. எப்படி இறக்குவாய் என்று கேட்டேன்.

"எறக்கத்துல என்னாத்தா இருக்கு? நியூட்ரல்ல போட்டுட்டா வண்டி தானா உருளும். டீசலே வேணாம். நான் ஒத்தக் கையால வளைச்சிருவேன்" என்று காற்றில் வளைத்துக் காட்டினான்.

அடிவாரத்து டீக்கடைக்காரி சொன்ன சக்கரப் புகை என் கண்முன் வந்தது. பிரேக்கை மட்டும் நம்பித் தானாக உருளுகிற வண்டியில் என் மகள் எதற்கு? சொல்லி அனுப்புகிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன்.

உள்ளே வந்து மகளிடம், "உன் வூட்டுக்காரர் வண்டியிலயே போவலாம். விடியக்காலம் நல்ல நேரம் இருக்கு. அதுல கெளம்பணும்னு சொல்லு" என்றேன்.

விடியற்காலையில் வாசலைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. நான் புடவை மாற்றி, பை கட்டி உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை லுங்கியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்:

"பனி எறங்கட்டும். இப்ப எடுக்க முடியாதுன்னு சொல்லு."

"நல்ல நேரம் போயிரும்னு சொல்லு."

"நேரம் போனா போவட்டும். ரோடு தெரியணும்னு சொல்லு."

தேன்மொழி யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டாள். இரண்டாவது முறையாக என் சொல் தட்டிப்போனது. ஆனால் இந்த முறை எனக்குக் கோபம் முழுசாக வரவில்லை. லாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கால்கள் நடுவில் வந்து வந்து நின்றன.

வெயில் வந்து எதிர்வீடும் அதன் கூரையில் சேவலும் தெரிந்த பிறகு கிளம்பினோம். தேன்மொழி பின் சீட்டில் தலையணையோடு. நான் அவள் பக்கத்தில், வயிற்றுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. இறக்கத்திலும் கார் கதறிக்கொண்டேதான் போனது. ஏறிய அதே கியர். ஆனால் இப்போது ஒன்று கவனித்தேன். கதறுகிற வரைக்கும் வண்டி அவர் பிடியில் இருந்தது. பிரேக்கில் கால் வைத்து வைத்து எடுத்தார், அழுத்திக்கொண்டே இருக்கவில்லை. எதிரே ஏறி வந்த வண்டிகளுக்கெல்லாம் முன்கூட்டியே நின்று வழி விட்டார். தேன்மொழி ஒரு தடவைகூட வயிற்றில் கை வைக்கவில்லை. தூங்கிப் போனாள்.

பாதி இறக்கத்தில், ஒரு வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பஞ்சர். ஒதுங்க இடம் இல்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் மரக்கொண்டைகள். மாப்பிள்ளை சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, மகளை இறக்கி மலைப் பக்கம் பாறை நிழலில் உட்கார வைத்தார். டயரைக் கழற்றக் குனிந்தார்.

நான் வளைவைப் பார்த்தேன். மேலிருந்து வருகிறவனுக்கு நாங்கள் தெரியமாட்டோம். வளைவு முடிந்ததும் நேராக எங்கள் மேல்தான் வருவான்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏறிப் போனேன். மூட்டு வலித்தது. வளைவுக்கு மேலே, வருகிறவன் தூரத்திலேயே பார்க்கிற இடமாகப் பார்த்து, கைக்கு எட்டின புங்கங்கிளையை ஒடித்து ஒடித்து ரோட்டில் போட்டேன். கல் தூக்க முடிந்த அளவுக்குத் தூக்கி வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன்.

வேன் ஒன்று வந்தது. வேகம் குறைந்தது, நிற்கவில்லை. டிரைவர் தழையைப் பார்த்துவிட்டு மறு ஓரத்துக்கு ஒடிக்கப் போனான். ஜன்னலிலிருந்து ஒரு பெரியம்மாள் தலையை நீட்டினாள். பேச்சைக் கேட்டதுமே தெரிந்தது, எங்கள் ஜெயங்கொண்டம் பக்கம்தான்.

"நிக்காதடா, என்னமோ காயப் போட்டிருக்காங்க. அந்தக் கெழவி காசு கேக்க நிக்குது. நீ சுத்திக்கிட்டுப் போ!"

நான் ரோட்டின் நடுவே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். வேன் என் புடவைக்கு அருகில் வந்து நின்றது.

"சோளம் காயலடி. என் பொண்ணு ஒக்காந்திருக்கா. ஒம்பது மாசம்."

அந்த அம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். டிரைவர் இன்ஜினை அணைத்தான். வேனிலிருந்து இரண்டு ஆம்பளைகள் இறங்கிப் போய் மாப்பிள்ளைக்கு டயர் தூக்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக ஒரு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பிரித்து மோந்து பார்த்தேன். அன்றைக்குச் சுட்டதுதான்.

டயர் மாட்டி முடிந்தது. வேன் மெதுவாகக் கடந்து போனது. தேன்மொழி காரில் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் கீழே இறங்கி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

"மாப்ள, வண்டிய எடுங்க. இதே மாதிரியே ஓட்டுங்க. கத்துனாக் கத்தட்டும்."

அவர் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. உள்ளே தேன்மொழி வாயில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் கண்ணாடி வழியாகப் பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளையாரே, அத்தைய அந்தத் தழைய அள்ளிப் போட்டுட்டு வந்து ஏறச் சொல்லு. சும்மாக் கெடந்தா, நாளைக்கி நெசமாப் போடுற தழையையும் எவனும் நம்ப மாட்டான்."

மறுபடியும் வளைவேறிப் போனேன். ஒரு இலை விடாமல் அள்ளிப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்து ஏறினேன்.